வாளியிலிருந்து வெளியே போனது

என் கைபேசியில் என் குதிரை செவலையின் படம் ஒன்று இருக்கிறது. காலை வெயில் சாய்வாக விழுந்து, தேய்த்துக் கவிழ்த்த செம்புப் பானை மாதிரி அவள் உடம்பு தகதகக்கும். படத்தைப் பார்த்தவர்கள் எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி: "என்ன கொடுக்கிறீங்க?" நானும் சளைக்காமல் சொல்லுவேன். எண்ணெய். தினமும் ஒரு பெரிய குவளை தாவர எண்ணெய். சொல்லும்போது குரலில் கொஞ்சம் பெருமை இருக்கும், ஏதோ குடும்ப ரகசியத்தைப் பெரிய மனது பண்ணி வெளியே விடுகிற மாதிரி. இப்போது அந்தப் படத்தை எடுத்துப் பார்த்தால் கண் மினுமினுப்பில் நிற்பதில்லை. பிடரி முடிந்து முதுகு தொடங்கும் மேட்டுக்குப் பின்னால் போய் நிற்கிறது. அங்கே ஒரு பள்ளம். படம் எடுத்த அன்றும் அது அங்கேதான் இருந்தது. நான்தான் பார்க்கவில்லை.

குதிரைக்கு எண்ணெய் கொடுப்பது தப்பு என்று சொல்ல வரவில்லை. இன்றும் கொடுக்கிறேன். ஆனால் எண்ணெயைப் பற்றி எவ்வளவோ பேசுகிறோம்: எந்த விதை, செக்கில் ஆட்டியதா, சுத்திகரித்ததா, எத்தனை மில்லி. அந்த எண்ணெய்க்கு இடம் விட வாளியிலிருந்து எதை எடுத்து வெளியே வைத்தோம் என்பதை மட்டும் யாரும் பேசிக் கேட்டதில்லை. பல மாதமாக என்னை உறுத்திக்கொண்டிருப்பது அதுதான்.

செவலை நெடுந்தூர ஓட்டத்துக்கான பெண் குதிரை. எடை சுமார் 450 கிலோ. இயல்பிலேயே ஒல்லி வாகு. பயிற்சி கூடக் கூட விலா எலும்பை எண்ணிவிடலாம். தானியத்தைக் கூட்டினால் உடம்பில் ஏறுகிறதோ இல்லையோ, தலைக்கு ஏறிவிடும். சேணம் வைக்கும்போதே குதிப்பாள், தன் நிழலுக்கே மிரள்வாள். கொள்ளு என்றால் வாயைத் திறப்பதும் கடிவாளம் என்றால் மூடுவதும் பழமொழியில் மட்டும் என்று நினைத்திருந்தேன், இவளைப் பார்க்கும் வரை. மாவுச்சத்தை ஏற்றிக்கொண்டே போவதில் வேறொரு பயமும் இருந்தது. குதிரையின் சிறுகுடல் ஒரு வேளையில் செரிக்கக்கூடிய மாவுச்சத்துக்கு எல்லை உண்டு. உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராமைத் தாண்டாதே என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. தாண்டினால் மிச்சம் பெருங்குடலுக்குப் போய்ப் புளிக்கும். அமிலம் கூடும். அதிலிருந்து வயிற்று வலி, குளம்பு அழற்சி என்று வரிசையாகத் தொல்லை.

எண்ணெய் இந்த இரண்டு கவலையையும் ஒன்றாகத் தீர்க்கும் போலத் தெரிந்தது. ஒரு கிலோ எண்ணெயிலிருந்து குதிரைக்குக் கிடைக்கும் ஆற்றல் சுமார் 9 மெகாகலோரி. அதே எடை ஓட்ஸில் அதில் மூன்றில் ஒரு பங்குதான் கிடைக்கும். எண்ணெயில் மாவுச்சத்து துளியும் இல்லை. செரிக்கும்போது உடம்பில் உண்டாகும் சூடும் புல், தானியத்தைவிடக் குறைவு. மணிக்கணக்காக ஓடி வியர்க்கும் குதிரைக்கு அது சின்ன உபகாரம் இல்லை. குதிரைக்குத்தான் பித்தப்பையே கிடையாதே, எண்ணெய் எப்படிச் செரிக்கும் என்று முதலில் நானும் கேட்டேன். யோசித்தால் விடை எளிது. பித்தப்பை என்பது பித்தநீரைச் சேர்த்து வைக்கும் பைதான். விட்டு விட்டுச் சாப்பிடும் பிராணிக்கு அது தேவை. நாள் முழுக்க மேயும் பிராணிக்கு எதற்குச் சேர்த்து வைக்க வேண்டும்? கல்லீரலிலிருந்து நேராக, ஓயாமல் சொட்டிக்கொண்டே இருக்கிறது. புல்லில் கொழுப்பு நூற்றுக்கு இரண்டு முதல் நான்கு பங்குதான். ஆனாலும் மெல்ல மெல்லப் பழக்கினால் அதைவிடப் பல மடங்கைச் செரிக்கக் குதிரையின் குடல் கற்றுக்கொள்கிறது.

மெல்ல மெல்ல என்ற இடத்தில்தான் முதல் சறுக்கல். நான்கே நாளில் 330 மில்லிக்குப் போய்விட்டேன். ஐந்தாம் நாள் காலை லாயத்துக்குள் நுழைந்ததும் மூக்கே சேதி சொல்லிவிட்டது. உருண்டை உருண்டையாக விழ வேண்டிய லத்தி கூழாகக் கிடந்தது. மேலே ஒரு பிசுபிசுப்பு. சிறுகுடலில் உறிஞ்சப்படாமல் வழிந்து போன எண்ணெய் அது. பெருங்குடலில் நாரைப் புளிக்க வைக்கும் நுண்ணுயிர்களுக்கு எண்ணெய் ஆகாது. வழிந்து அங்கே போனால் குதிரை புல்லிலிருந்து எடுக்கும் ஆற்றலும் கெடும். சரி என்று எல்லாவற்றையும் நிறுத்தி, ஒரு வாரம் விட்டு, 30 மில்லியில் ஆரம்பித்தேன். மூன்று வாரம் எடுத்துக்கொண்டு ஏற்றினேன். இந்த முறை ஒரு பிரச்சினையும் இல்லை. கொழுப்பைத் தசை எரிபொருளாக முழுதாகப் பழகிக்கொள்ள அதற்கு மேலும் சில வாரம் ஆகும் என்பதால், போட்டிக்கு முந்தின வாரம் எண்ணெய் ஆரம்பிப்பதில் ஒரு பிரயோசனமும் இல்லை. இடையில் ஒருவர், குடிக்க மாட்டேன் என்றால் வாயைத் திறந்து ஊற்றிவிடுங்கள் என்று யோசனை சொன்னார். அதை மட்டும் செய்துவிடாதீர்கள். எண்ணெய் மூச்சுக்குழாயில் இறங்கினால் நுரையீரல் அழற்சி வந்து குதிரை செத்தே போகலாம்.

ஒன்றரை மாதத்தில் மினுமினுப்பு வந்தது. விலா மறைந்தது. செவலை அமைதியானாள். ஒரு வாளியில் இத்தனை நல்லது நடந்தால் யாருக்குத்தான் சந்தேகம் வரும்?

எந்த எண்ணெய் என்ற மயக்கம்

இந்த வெற்றிக்குப் பிறகு நான் எண்ணெய்ப் பைத்தியமாகிவிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். மக்காச்சோள எண்ணெயில் ஆரம்பித்தேன், ஏனென்றால் குதிரைகளுக்கு அதன் வாசனை பிடிக்கும். ஆய்வுகளிலும் அதிகம் பயன்பட்டது அதுதான். அப்புறம் ஒமேகா-3, ஒமேகா-6 என்ற இரண்டு வகைக் கொழுப்பு அமிலங்களைப் பற்றிப் படித்தேன். பச்சைப் புல்லில் இருக்கும் கொஞ்சூண்டு கொழுப்பில் பெரும்பகுதி ஒமேகா-3 வகை. மக்காச்சோள எண்ணெயிலோ பாதிக்கு மேல் ஒமேகா-6. ஒமேகா-3 பேருக்கு ஒரு சொட்டு. சூரியகாந்தி எண்ணெயும் அப்படித்தான். சோயாவில் நூற்றுக்கு ஏழு பங்கு அளவுக்கு ஒமேகா-3 உண்டு, கனோலாவில் இன்னும் கொஞ்சம் கூட. ஆளி விதை எண்ணெய்தான் இதில் ராஜா: பாதிக்கு மேல் ஒமேகா-3. ஒமேகா-6 மிகுந்த எண்ணெய் அழற்சியைத் தூண்டும், ஒமேகா-3 அடக்கும் என்ற பேச்சைக் கேட்டதும் நான் அந்தப் பக்கம் தாவினேன்.

அந்தப் பேச்சு முழுப் பொய்யில்லை, முழு உண்மையும் இல்லை. ஆளி எண்ணெயில் இருப்பது குறுகிய சங்கிலி ஒமேகா-3. அழற்சியோடு நேரடியாக மல்லுக்கட்டுவதாகச் சொல்லப்படுபவை மீன் எண்ணெயிலும் பாசியிலும் இருக்கும் நீண்ட சங்கிலி வகைகள். குறுகியதை நீண்டதாக மாற்றும் திறமை குதிரை உடம்புக்குக் கொஞ்சம்தான். ஆளிக்கு ஆதரவாக அடிக்கடி காட்டப்படும் ஆய்வு 2002இல் கனடாவில் வெளிவந்தது: பூச்சிக்கடியால் தோல் அரிப்பு வரும் குதிரைகளுக்கு ஆளி கொடுத்தபோது, தோல் சோதனையில் தடிப்பின் அளவு குறைந்தது. நல்ல சேதிதான். ஆனால் அதில் இருந்தவை ஆறே குதிரைகள். கொடுத்ததும் அரைத்த விதை, எண்ணெய் இல்லை. இந்த இரண்டு விவரமும் எண்ணெய்ப் புட்டியின் பக்கம் வரும்போது எங்கோ வழியில் தொலைந்துபோய்விடுகின்றன.

ஆளி எண்ணெயின் இன்னொரு குணத்தை என் மூக்கு கற்றுக்கொடுத்தது. எந்த எண்ணெயில் ஒமேகா-3 அதிகமோ அது சீக்கிரம் காறும். காற்று, வெளிச்சம், சூடு மூன்றும் அதற்கு எதிரி. மலிவாகக் கிடைக்கிறதே என்று பெரிய கேனாக வாங்கி, தீவன அறையின் ஜன்னலோரம் வைத்தேன். ஒரு நாள் செவலை வாளியை முகர்ந்து, மேலுதட்டைச் சுருட்டிப் பல்லைக் காட்டிவிட்டு, திரும்பி நின்றுகொண்டாள். கொண்டுபோய் முகர்ந்தால் பழைய சுவர் வர்ணத்தின் வாடை. வர்ண வாடை அடித்ததில் ஆச்சரியமும் இல்லை, காற்றுப் பட்டு இறுகும் குணத்துக்காகத்தானே இதே எண்ணெயை வர்ணத்திலும் மரச்சாமானுக்கும் சேர்க்கிறார்கள். அதனால் ஒரு எச்சரிக்கை: மரவேலைக்கு விற்கும் 'காய்ச்சிய' ஆளி எண்ணெயை, பெயர் ஒன்றாக இருக்கிறதே என்று குதிரைக்கு ஊற்றிவிடக் கூடாது. சீக்கிரம் உலர அதில் உலோக உப்புகள் சேர்த்திருப்பார்கள், அது விஷம். இப்போது சின்னப் புட்டிதான் வாங்குகிறேன், இருண்ட நிறத்தில். குளிர்ந்த இடத்தில் வைக்கிறேன். திறந்தால் முதலில் என் மூக்குக்கு, அப்புறம்தான் வாளிக்கு.

சணல் விதை எண்ணெயும் ஒருவர் சிபாரிசு செய்தார். கஞ்சா குடும்பத்துச் செடி அது. அதிலிருந்து வரும் கன்னாபிடியால் (CBD) என்ற பொருள் சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பின் தடைப் பட்டியலில் இருக்கிறது. புட்டியில் என்ன எழுதியிருந்தாலும், போட்டிக்குப் போகிற குதிரைக்கு அந்த வம்பே வேண்டாம் என்று விட்டுவிட்டேன். கசகசாச் செடியிலிருந்து ஒட்டிக்கொண்டு வரும் மார்பின்கூடச் சோதனையில் மாட்டிவிடும் என்பதால், வாளிக்குள் போகும் எதையும் இந்தக் கண்ணோடும் ஒரு தரம் பார்க்க வேண்டியிருக்கிறது.

இத்தனையும் படித்தேன், ஒப்பிட்டேன், அட்டவணை போட்டேன். வாளியில் எண்ணெயைத் தவிர வேறு என்ன இருக்கிறது என்று மட்டும் ஒரு நாளும் திரும்பிப் பார்க்கவில்லை.

பெரியவரின் கை

எண்ணெய் தொடங்கி நாலைந்து மாதம் ஆகியிருக்கும். ஒரு 80 கிலோமீட்டர் ஓட்டம். இரண்டாவது சோதனைச் சாவடியில் செவலையின் இதயத் துடிப்பு நேரத்துக்குள் 64க்குக் கீழே இறங்கிவிட்டது. நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். அடுத்து மருத்துவர் முதுகுத்தண்டின் இரு பக்கமும் விரலால் அழுத்திக்கொண்டே வந்தார். சேணம் உட்காரும் இடத்தில் அவள் சட்டென்று முதுகைக் கீழே இறக்கிக்கொண்டாள். மறுபடி அழுத்தினார், மறுபடி இறக்கினாள். "போகலாம், ஆனா யோசிச்சுக்கோங்க" என்றார். யோசித்தேன். விலகிக்கொண்டேன். ஏற்றத்தில் அவள் வழக்கத்தைவிடத் தயங்கியது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. சேணம் முன்பக்கம் சரிந்துகொண்டே இருந்ததும்.

சேணத்தைத்தான் குற்றம் சொன்னேன். புதிய மெத்தை வாங்கினேன், பிறகு அதைவிடத் தடிமனாக இன்னொன்று. வார் நீளத்தை மாற்றினேன். உடம்புக்கு என்ன குறை? ஹென்னெக் என்ற ஆய்வாளர் 1983இல் குதிரையின் உடல்நிலைக்கு வகுத்துக் கொடுத்த ஒன்பது படி மதிப்பெண்ணில் செவலை நாலிலிருந்து ஐந்துக்கு வந்திருந்தாள். ஒவ்வொரு மாதமும் நானே தடவிப் பார்த்துக் குறித்து வைத்திருக்கிறேன். ஐந்து என்றால் நடுத்தரம், கச்சிதம்.

இரண்டு வாரம் கழித்து ஒரு சாயங்காலம், லாயத்தில் ஐம்பது வருஷமாகக் குதிரைகளோடு கிடக்கும் பெரியவர் செவலையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அதிகம் பேச மாட்டார். தேய்த்துக்கொண்டே வந்த கை, முதுகு மேட்டுக்குப் பின்னால் நின்றது. பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு வெறும் கையை வைத்தார். "தம்பி, இங்க வாங்க. கையை இப்படி வையுங்க." வைத்தேன். என் உள்ளங்கை ஒரு குழிக்குள் போய் உட்கார்ந்தது. மறுபக்கமும் அப்படியே. கீழே விலாவைத் தடவினால் மெத்தென்று இருக்கிறது, மேலே முதுகுத்தண்டின் ஓரத்தில் தசை இருக்க வேண்டிய இடம் வழித்தெடுத்த மாதிரி இருக்கிறது.

"பளபளன்னுதான் இருக்கா," என்றார். "ஆனா குதிரையைக் காணோமே."

எனக்கு உடனே பதில் சொல்லத் தோன்றியது. ஐயா, போன வருஷத்தைவிட இருபது கிலோ கூட, மதிப்பெண் ஐந்து என்றேன். அவர் அதைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. "முன்ன வாளி கனமா இருக்கும். இப்ப தூக்கினா ஒண்ணுமே இல்ல" என்று சொல்லிவிட்டுப் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டார். அவ்வளவுதான் பேச்சு. மதிப்பெண்ணைப் பற்றி நான் படித்தது அப்புறம் ராத்திரிதான் உறைத்தது. ஹென்னெக் முறை விலாவிலும் வால் அடியிலும் கழுத்திலும் கைக்குப் படுகிற கொழுப்பை அளக்கிறது. தசையை அளப்பது அதன் வேலையே இல்லை. மினுமினுப்பு அளப்பதும் தோலுக்குக் கிடைத்த கொழுப்பைத்தான். நான் வைத்திருந்த இரண்டு அளவுகோலும் எண்ணெயின் பக்கம் பேசுகிற சாட்சிகள்.

அந்த ராத்திரிக் கணக்கு

வாளி ஏன் இலேசானது என்று எனக்குத் தெரியும். எண்ணெயை ஏற்றியபோது கலப்புத் தீவனத்தை இரண்டு கிலோவிலிருந்து ஒன்றாகக் குறைத்தேன். ஒரு கிலோ தீவனத்தில் சுமார் 3 மெகாகலோரி. 330 மில்லி எண்ணெய் 300 கிராம் எடை இருக்கும், அதில் 2.7 மெகாகலோரி. ஏறத்தாழ சரிக்குச் சரி. மாவுச்சத்து பாதியாகிவிட்டது, ஆற்றல் குறையவில்லை என்று அன்று என் தோளை நானே தட்டிக்கொண்டேன்.

இப்போது புரதத்தை எழுதிப் பார்த்தேன். காய்ந்த புல்லைப் பரிசோதனைக்கு அனுப்பி வந்த அறிக்கை பல மாதமாக மேசை இழுப்பறையில் தூங்கிக்கொண்டிருந்தது. எடுத்துப் பார்த்தால், முற்றிப்போய் அறுத்த புல். புரதம் நூற்றுக்கு 6 பங்குதான். எட்டுக் கிலோ புல்லில் 480 கிராம். தீவனத்தில் நூற்றுக்கு 12. இரண்டு கிலோ போட்டபோது 240 கிராம் கிடைத்தது, மொத்தம் 720. நடுத்தர வேலை செய்யும் 450 கிலோ குதிரைக்கு அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் கழகத்தின் 2007ஆம் ஆண்டுக் கணக்குப்படி 690 கிராம் வாக்கில் வேண்டும். ஆக முன்பு தட்டுத்தடுமாறிப் போதுமாக இருந்தது. ஒரு கிலோவை எடுத்ததும் 600 ஆகிவிட்டது. அந்த இடத்தில் ஊற்றிய எண்ணெயில் புரதம் எவ்வளவு? பூஜ்யம்.

அளவாவது பரவாயில்லை, தரம் அதைவிட மோசம். தசை கட்டத் தேவையான லைசின் என்ற அமினோ அமிலம் முற்றிய புல்லில் குறைவு. அது வந்துகொண்டிருந்தது தீவனத்தில் இருந்த சோயாவிலிருந்து, அதையும் பாதியாக்கிவிட்டேன். தீவனப் பையின் ஓரத்தில் சின்ன எழுத்தில் ஒரு நாளைக்குக் குறைந்தது இத்தனை கிலோ என்று போட்டிருக்கும். தாமிரம், துத்தநாகம், வைட்டமின் எல்லாம் அந்த அளவு சாப்பிடும் குதிரைக்குச் சரியாக வரும்படி கலந்தவை. பாதி போட்டால் பாதிதான். பிடரி மயிரின் நுனி வெளுத்திருந்ததை வெயிலின் வேலை என்று நினைத்திருந்தேன். தாமிரம் குறைந்தாலும் நிறம் வெளுக்கும். இரண்டில் எது என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியாது, ஆனால் அன்றைக்கே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. வைட்டமின் ஈ வேறு. பச்சைப் புல்லில் அது தாராளமாக உண்டு, காயும்போது பெரும்பகுதி போய்விடும். இந்த எண்ணெய்கள் உடம்புக்குள்ளும் எளிதில் ஆக்ஸிஜனேற்றம் அடைபவை என்பதால், கூட ஊற்றும் ஒவ்வொரு 100 மில்லிக்கும் 100 முதல் 150 அலகு வைட்டமின் ஈ சேர்க்கச் சொல்கிறார்கள். நான் ஒரு அலகுகூடச் சேர்த்திருக்கவில்லை.

கணக்கு நோட்டை மூடிவிட்டு உட்கார்ந்திருந்தபோது இன்னொரு யோசனை வந்தது, அதுதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. தசை போனதற்குக் காரணம் எண்ணெய் இல்லை, எண்ணெய்க்காக வெளியே போன தீவனம். சரி. அப்படியானால் செவலை அமைதியானாளே, அதற்கு மட்டும் எண்ணெய்க்கு எப்படிப் பாராட்டுப் பத்திரம் கொடுப்பது? அதே ஒரு கிலோ தீவனத்தோடு மாவுச்சத்தும்தானே வெளியே போனது. 1996இல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில், மக்காச்சோள எண்ணெயும் சோயா லெசித்தினும் சேர்த்த குதிரைகள் திடீர்ச் சத்தத்துக்கும் அசைவுக்கும் குறைவாக மிரண்டன. அதை நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கொழுப்புக்கே அந்தக் குணம் இருக்கலாம். ஆனால் என் லாயத்தில் நடந்ததை வைத்து அதை நிரூபிக்க முடியாது. நான் ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினேன், நல்லது நடந்தபோது உள்ளே வந்ததைப் புகழ்ந்தேன். கெட்டது நடந்தபோது சேணத்தைத் திட்டினேன்.

இந்தக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தால், எண்ணெயின் உண்மையான வெற்றிகளிலும் இதே கதை தெரிகிறது. தசையில் சர்க்கரையை அளவுக்கு மேல் சேமித்துக்கொள்ளும் ஒரு பரம்பரை நோய் உண்டு. ஓட ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் தசை கல்லாக இறுகி, குதிரை நகர முடியாமல் நின்றுவிடும். ஸ்டெஃபானி வால்பெர்க் குழுவினர் 1992இல் விவரித்தது. அதற்குக் காரணமான மரபணு மாற்றம் 2008இல் கண்டறியப்பட்டது. இந்தக் குதிரைகளுக்குக் கொழுப்பு சேர்த்த உணவு கிட்டத்தட்ட மருந்து மாதிரிதான். ஆனால் தானியத்தை அப்படியே வைத்துக்கொண்டு மேலே எண்ணெயை ஊற்றினால் பலன் வராது. மாவுச்சத்து உள்ளே போனால் இன்சுலின் ஏறும், இன்சுலின் ஏறியிருக்கும்போது கொழுப்பை எரிக்கும் வேலை தள்ளிப்போகும். கூடவே தினமும் உடற்பயிற்சி வேண்டும். லாயத்தில் நிற்க வைத்து எண்ணெய் ஊற்றுவதில் அர்த்தமில்லை. அங்கேயும் பாதி வைத்தியம் வாளியிலிருந்து எடுப்பதில்தான்.

ஓட்டத்துக்கு எண்ணெய் செய்கிற உதவிக்கும் எல்லை இருக்கிறது. மெதுவான, நீண்ட ஓட்டத்தில் தசை கொழுப்பை எரிக்கும், அதைப் பயிற்சியும் உணவும் சேர்ந்து கொஞ்சம் கூட்டலாம். முழுப் பாய்ச்சலில் கொழுப்பு எரியும் வேகம் போதாது, தசையில் சேமித்த சர்க்கரையான கிளைக்கோஜன்தான் எரியும். போட்டி முடிந்து காலியான கிளைக்கோஜனை எண்ணெயால் நிரப்பவும் முடியாது. குறுகிய பந்தயம் ஓடும் குதிரைக்குத் தானியத்தை ஏறக்கட்டி எண்ணெயை ஊற்றுகிறவர்களைப் பார்த்தால் இப்போது வாய் துறுதுறுக்கிறது. அடக்கிக்கொள்கிறேன். என் கதையும் யோக்கியம் இல்லையே.

இப்போது

கொஞ்சம் இளசாக அறுத்த புல்லைத் தேடிப் பிடித்து, ஒரு கிலோ கூட்டினேன். தீவனம் ஒரு கிலோவிலேயே நிற்கிறது, அதைக் கூட்டினால் பழையபடி நிழலுக்கு மிரள ஆரம்பிப்பாள் என்று பயம். அதற்குப் பதில் சோயாப் பிண்ணாக்கு 400 கிராம், ஊற வைத்து. அது மட்டுமே 180 கிராம் புரதத்துக்குப் பக்கத்தில் தருகிறது. தாது, வைட்டமின் கலவை தனியாக. வைட்டமின் ஈ தனியாக. எண்ணெய் 120 மில்லி, பாதி ஆளி, பாதி கனோலா. உடல் எடையில் கிலோவுக்கு ஒரு மில்லி வரை போகலாம் என்பார்கள், அதாவது இவளுக்கு 450. போகலாம் என்பதால் போக வேண்டும் என்றில்லை. முதுகைத் தூக்கி நடக்கும் ஏற்றப் பயிற்சியை வாரத்தில் மூன்று நாளாக்கினேன், ஏனென்றால் புரதத்தைக் கொட்டினால் மட்டும் தசை வந்துவிடாது. போட்டிக்கு ஆறு மாதம் போகவில்லை.

இப்போதும் யாராவது "என்ன கொடுக்கிறீங்க?" என்று கேட்டால், புல் பரிசோதனையிலிருந்து ஆரம்பிக்கிறேன். இரண்டாவது நிமிடத்தில் அவர்கள் கண் கைபேசிக்குப் போய்விடுகிறது. அவர்களுக்கு எண்ணெயின் பெயர்தான் வேண்டும். எனக்கும் அன்றைக்கு அதுதான் வேண்டியிருந்தது.

போன வாரம் பெரியவர் மறுபடி செவலையைத் தேய்த்தார். நான் தண்ணீர் வாளியோடு சும்மா அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன், சும்மா நிற்பது மாதிரி. கை அதே இடத்துக்கு வந்தது, நின்றது, இரண்டு விரலால் அழுத்திப் பார்த்தது. வலது பக்கம் போய் அங்கேயும். "இடது பக்கம் இன்னும் கொஞ்சம் வரணும்" என்றார். அப்புறம் வாளியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, அதை அவள் முன்னால் வைத்தார்.